நிலத்துக்கு விலை எழுதியவர்கள்

"மண் வயனமும் ரகமும் 8-2. மண் தரம் 5. சார், அஞ்சுன்னா நல்ல மண்ணா, சுமார் மண்ணா?"

கேட்டது என் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். சிவில் முடித்து மூன்று வருடம் ஆகிறது. பாலக்கோட்டுக்கு மேற்கே இரண்டே கால் ஏக்கர் புஞ்சை, வங்கிக் கடனுக்கு மதிப்பீடு. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் புதிதாக மாற்றியிருக்கும் அறிக்கைப் படிவத்தை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். மண்ணைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும், பதிவேட்டில் இருக்கும் ஐந்தை அப்படியே எடுத்துப் போடலாமா என்று சந்தேகம்.

போடக் கூடாது என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க அந்த மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. தருமபுரியில் முப்பத்தாறு வருடமாக மதிப்பீட்டாளராக இருக்கிறேன். இதை யாரிடமாவது முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. அந்த ஐந்து விவசாயிக்காக எழுதிய எண் அல்ல. இந்த நிலம் எவ்வளவு வரி தாங்கும் என்று பார்த்து அரசாங்கம் தனக்காக எழுதிக்கொண்டது. எழுதியவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எதற்காக எழுதினார்கள் என்பதும் மறந்துவிட்டது. எண் மட்டும் தாளிலிருந்து தாளுக்கு நகர்ந்து, இப்போது கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் கதையை வாசற்படியிலிருந்தே தொடங்கலாம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் எங்கள் பகுதியான பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரி நிர்வாகத்துக்குக் காரன்வாலிஸ் பிரபு அனுப்பியது பட்டாளத்து அதிகாரிகளை. சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு ஊர் மொழியும் தெரியாது, ஊர்க் கணக்கும் புரியாது என்பது அவர் எண்ணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவராக வந்து திருப்பத்தூரில் தங்கினார். அவருக்குக் கீழே வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். ஏழு வருடம் இந்தச் சீமையில் இருந்தார். தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டு வளர்த்தார். 1799இல் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும் துக்கத்தைக் கடிதத்தில் எழுதினார்.

அதுவரை ஊருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, யார் எவ்வளவு கட்டுவது என்பதை ஊருக்குள்ளேயே பிரித்துக்கொள்வது பெரும்பாலும் வழக்கம். ரீடும் அவருடைய ஆட்களும் சங்கிலியை எடுத்துக்கொண்டு வயல் வயலாக இறங்கினார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண், ஒரு பரப்பு, ஒரு தீர்வை. 1796இல் ரீடு ஓர் அறிவிப்பு விட்டார். வயலுக்கு விதித்த தீர்வை நிலையாக இருக்கும், வருடா வருடம் எந்த வயலை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பது குடியானவரான ரயத்தின் விருப்பம். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர் பெற்றதன் வேர் இதுதான். அந்த வேர் எங்கள் ஊர்ப் புஞ்சைக்குள் இறங்கியது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. நிலத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அவர்கள். நான் இன்றைக்குச் செய்யும் வேலையும் அதுதான்.

ஆனால் அவர்கள் எழுதிய எண் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மன்றோ அடுத்துப் போனது கடப்பை, பல்லாரிப் பக்கம். 1800 முதல் 1807 வரை அங்கே வயல் வயலாக அளந்து தரம் பிரித்தார். முதலில் மொத்தச் சீமையும் எவ்வளவு வரி தர வேண்டும் என்று ஒரு தொகையை முடிவு செய்தார்கள். அதை ஊர்களுக்குப் பிரித்தார்கள். பிறகு ஊரின் பங்கை வயல்களுக்குப் பிரித்தார்கள். கீழிருந்து வயலைப் பார்த்து வந்த எண்ணாகத் தாளில் தெரியும். மேலிருந்து இறங்கி வந்த தொகை அதற்குள் இருக்கும். 1807இல் அங்கிருந்து கிளம்பும்போது, எல்லா நிலத்துக்கும் தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று மன்றோவே எழுதினார். கிணற்றுப் பாசனத்துக்கு இன்னும் எட்டு சதவீதம். தான் எழுதிய எண்ணைத் தானே திருத்தச் சொன்ன மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை. மேலிடம் அப்போது கேட்கவில்லை. 1820இல் அவரே சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது.

எங்கள் சேலம் சீமையில் நடுவில் ஒரு திருப்பம். 1802க்குப் பிறகு ஊர்களைச் சேர்த்து மிட்டாக்களாக்கி ஏலத்தில் விற்றார்கள். தவணை கட்ட முடியாத மிட்டாக்கள் திரும்ப அரசாங்கத்திடமே வந்தன. மிச்சம் இருந்தவை 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் போயின. இன்றும் பழைய பத்திரங்களில் ஒரு மிட்டாவின் பெயரைப் பார்த்தால் அங்கே கணக்கு ஒரு தடவை அறுந்திருக்கிறது என்று எச்சரிக்கையாகிவிடுவேன்.

அலுவலகப் பெண் கேட்ட ஐந்துக்கு வருகிறேன். 1858இல் சென்னை மாகாணத்தில் சர்வேக்கும் வரித்திட்டத்துக்கும் தனி அமைப்பு வந்தது. இந்த முறை வேலை ரொம்ப நுணுக்கம். மண்ணை வண்டல், கரிசல், செம்மண், மணல் என்று வயனங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்து ரகம் போட்டார்கள். அந்த மண்ணில் ஏக்கருக்கு எவ்வளவு தானியம் விளையும் என்று அறுத்துப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நஞ்சையானால் நெல், எங்கள் பக்கப் புஞ்சையானால் ராகி, கம்பு, சோளம். பஞ்ச வருடங்களைத் தள்ளிவிட்டுப் பல வருட விலையின் சராசரியில் அந்தத் தானியத்தைப் பணமாக்கினார்கள். மழை பொய்க்கும் வருடத்துக்கு ஒரு கழிவு, சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிக் கூலிக்கும் வியாபாரி லாபத்துக்கும் ஒரு கழிவு, உழவுக்கும் எருவுக்கும் ஆளுக்கும் ஒரு கழிவு. மிச்சத்தில் பாதி அரசாங்கத்துக்கு. இப்படி வந்த தொகைகளை வரிசையாக அடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் கொடுத்தார்கள். ஒன்றாம் தரத்துக்குத் தீர்வை அதிகம், இறங்க இறங்கக் குறைவு. முப்பது வருடத்துக்கு அந்தத் தீர்வை மாறாது.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இது வருமான முறை மதிப்பீடுதானே சார்? நாங்க பரீட்சைக்குப் படிச்சதே இதுதான்."

ஆமாம். விளைச்சல், விலை, செலவு, நிகர வருமானம். இன்றைக்கு நட்சத்திர ஓட்டலுக்கு நாங்கள் போடும் கணக்கின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது. செய்தவர்கள் திறமைசாலிகள். ஆனால் அந்தக் கணக்கு நிலம் என்ன விலைக்குப் போகும் என்று கேட்கவே இல்லை. அந்தத் தேவை அன்றைக்கு அவர்களுக்கு இல்லை. அவர்கள் ராகி விளைச்சலைப் பார்த்துத் தரம் ஐந்து போட்ட வயலில் இன்றைக்கு மாந்தோப்பு நிற்கிறது, நாலு பர்லாங்கில் நாற்கரச் சாலை போகிறது. ஹெக்டேருக்குச் சில ரூபாய்த் தீர்வையைத் தவிர அந்த ஐந்துக்கு இப்போது ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தரம் குறைந்த நிலம் என்று அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டைக் காத்த கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பரில் பதவி இழந்தார்கள், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1979 ஜூனிலிருந்து 1987 ஏப்ரல் வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் திருத்தப்பட்டன, பரப்புகள் ஹெக்டேர் கணக்குக்கு மாறின. புலப்படங்கள் மட்டும் வெகுகாலம் பழைய சங்கிலிக் கணக்கிலேயே இருந்தன. அறுபத்தாறு அடிச் சங்கிலி, நூறு லிங்க்ஸ். அதைக் கையில் வைத்து வயலில் நின்று பழகாதவர்கள் இந்த வேலைக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று இப்போதும் கவலைப்படுவேன்.

மண் தரத்துக்கு அடுத்த இரண்டாவது எண் வழிகாட்டி மதிப்பு. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடிப்பதைத் தடுக்க, முத்திரைச் சட்டத்தில் 47-அ என்ற பிரிவை நம் மாநிலம் 1967இல் சேர்த்தது. அடுத்த வருடம் விதிகள் வந்தன. பிறகு சார்பதிவாளர் கையில் ஒரு பட்டியல் வந்தது. இந்த சர்வே எண், இந்தத் தெரு, சதுர அடி இவ்வளவு. சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவுதான் அதன் வேலை. ஆதிலாபாத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: முத்திரைத் தீர்வை வசூலுக்காகத் தயாரித்த பதிவேட்டை வைத்து, கையகப்படுத்திய நிலத்துக்குச் சந்தை மதிப்பை முடிவு செய்ய முடியாது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஆனால் எண் ஒன்று அச்சாகிவிட்டால் அதை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். 2013ஆம் வருட நில எடுப்புச் சட்டம், இழப்பீட்டுக்கான சந்தை மதிப்பைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்றாக முத்திரைச் சட்ட மதிப்பையே வைத்தது. பக்கத்துப் பத்திரங்களின் சராசரி அதைவிட அதிகமாக இருந்தால் அதுதான் கணக்கு. ஆனால் பக்கத்துப் பத்திரங்களும் வழிகாட்டியை ஒட்டித்தானே எழுதப்பட்டிருக்கும்? வங்கிப் படிவங்களில் ஒரு வரி உண்டு: மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்புக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் இருபது சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் காரணம் எழுத வேண்டும். 2001க்கு முன் வாங்கிய சொத்தை விற்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு அன்றைய முத்திரை மதிப்பைத் தாண்டக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் 2020இல் வரம்பு கட்டியது.

2017 ஜூன் 9 அன்று தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக்கினார்கள். படுத்துக் கிடந்த வீட்டுமனை வியாபாரத்தைத் தூக்கிவிடச் செய்தது. அடுத்த வருடம் ஒரு சாலைத் திட்டத்துக்குக் கல் நட வந்தபோது, அரூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் கண்ணு, போன வருசம் ஒரே ராத்திரியில என் நிலம் மூணுல ஒரு பங்கு கொறஞ்சுதாமே, நான் என்ன தப்பு பண்ணினேன்?" நிலம் குறையவில்லை, அது பத்திரச் செலவுக்கான எண் என்று சொன்னேன். சொல்லும்போதே என் வார்த்தை அவருக்கு உதவாது என்று தெரிந்தது. அவருக்கு வரப்போகும் காசு அந்த எண்ணிலிருந்துதானே தொடங்கும்? 2023இல் பழைய மதிப்புக்கே திரும்பினார்கள், கட்டணமும் இரண்டு சதவீதமாயிற்று. அந்த ஆறு வருடத்துக்குள் நிலம் கொடுத்தவர்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

எங்கள் தொழிலுக்கு ஒரு பெயரும் பதிவும் வந்தது செல்வ வரியால். 1957ஆம் வருடச் செல்வ வரிச் சட்டத்தில் 1972இல் 34 ஏபி என்ற பிரிவு சேர்ந்தது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்று ஒரு ஆள் சட்டப்படி உருவானார். என் ஆசான் அப்படிச் சேலத்தில் பதிவு பெற்றவர்களில் ஒருவர். நான் அவரிடம் சேர்ந்தபோது ஓ-1 படிவத்தை மூன்று கார்பன் வைத்துத் தட்டச்சு செய்வோம். அந்தப் படிவம் இடத்தை உயர்தரம், நடுத்தரம், ஏழ்மை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லும். பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை, சினிமாக் கொட்டகை பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கும். அந்தக் கேள்விகளை வங்கிகள் எடுத்துக்கொண்டன. செல்வ வரி 2016 ஏப்ரலோடு ஒழிந்தது. கொட்டகைகளும் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. போன வருடம் வரை நான் நிரப்பிய ஒரு வங்கிப் படிவத்தில் சினிமாக் கொட்டகைக்கான கட்டம் அப்படியே இருந்தது.

பிறகு 2017 அக்டோபரில் கம்பெனிச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டாளர் விதிகள் வந்தன. கம்பெனி விவகாரத்துக்கும் திவால் வழக்குக்கும் மதிப்பீடு செய்ய வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற அமைப்பில் உறுப்பினராகி, ஐம்பது மணி நேரம் வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, திவால் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 2018 மார்ச் 31இல் தேர்வு தொடங்கியது. பழையவர்களுக்குக் கொடுத்த கெடு நீண்டு நீண்டு 2019 ஜனவரி 31இல் முடிந்தது. பல வங்கிகளும் அந்தப் பதிவைக் கேட்க ஆரம்பித்தன.

ஐம்பத்தைந்து வயதில் பெங்களூரில் ஒரு கணினி மையத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம், அறுபது சதவீதம் வாங்கினால் தேர்ச்சி, தப்பு விடைக்குக் கால் பங்கு கழிவு. முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை தேறினேன். என்னோடு பஸ்ஸில் வந்த கிருஷ்ணகிரி நண்பர் ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. கிணற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஆழம், ஊற்று, பக்கச் சுவரின் ஆயுசு எல்லாம் சொல்லிவிடுவார். கிணற்றில் கால் பங்கு, அரைக்கால் பங்கு உள்ள நிலங்களைப் பிரித்து மதிப்பிட இந்த இரண்டு மாவட்டத்திலும் அவரைவிட ஆள் இல்லை. திரையில் ஆங்கிலக் கேள்விகள் ஓடிய வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது ஓசூர் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "விடு, நீ எழுது" என்றார். தொழிலை விட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்கிக்கொள்ளாமல் விட்டது என் வருத்தம்.

இருந்தாலும் அந்த விதிகளை நான் ஆதரிக்கிறேன், வாயார ஆதரிக்கிறேன். எட்டாம் விதியைப் படித்த அன்று அப்பாடா என்று இருந்தது. அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது: மதிப்பீட்டின் நோக்கம், யார் நியமித்தார்கள், எந்தத் தேதிக்கான மதிப்பு, தகவல் எங்கிருந்து வந்தது, நேரில் போய்ப் பார்த்தது என்ன, இந்த அறிக்கையை எதற்குப் பயன்படுத்தக் கூடாது. மன்றோவின் கணக்கிலும் தரப் பட்டியலிலும் வழிகாட்டிப் பதிவேட்டிலும் இல்லாமல் போனது இந்த வரிகள்தான். எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் காரணமும் தேதியும் ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சட்டமே சொன்னது.

அரசு தன் தரநிலையை அறிவிக்கும்வரை உலக அளவில் ஏற்றுக்கொண்ட தரநிலைப்படி செய்யலாம் என்றது அதே விதி. சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலையின் புதிய பதிப்பு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தரவுக்குத் தனி அத்தியாயம், ஆவணத்துக்கும் அறிக்கைக்கும் தனி அத்தியாயம். அதற்காகத்தான் எங்கள் படிவங்களை எல்லாம் கலைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மதிப்பீட்டாளரின் தீர்ப்பு கலக்காமல் கணினி தானாகப் போடும் மதிப்பு இந்தத் தரநிலைக்கு உட்பட்டதாகாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. சக மதிப்பீட்டாளர்கள் பலர் இன்னும் அந்த வரிவரை படிக்காமலே, மென்பொருள் வந்து பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

மென்பொருளோடு எனக்குச் சண்டை இல்லை. அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் எடுக்க வேண்டும் என்று வந்த பிறகு, போகாத இடத்துக்கு அறிக்கை எழுதுவது நின்றுவிட்டது. நல்லது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாலக்கோட்டு நிலத்துக்கே வருகிறேன். பத்திரத்தில் நான்கெல்லை சொன்ன பிறகு, "வடபுறம் மாமூல் வண்டித்தடத்தில் போகவர, ஆடு மாடு ஓட்டிச் செல்லப் பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி. வங்கிச் செயலியில் சாலைக்குத் தார், சிமென்ட், மண் என்று மூன்று தேர்வு. மண் என்று அழுத்தினால் அகலம் கேட்கும். அந்தத் தடம் புலப்படத்தில் இல்லை, பக்கத்துக்காரர் பட்டாவுக்குள் போகிறது. நேரில் போனோம். புளியமரத்துக்கும் வேலிக்கும் நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அளவு. மழைக்காலத்தில் டிராக்டர் இறங்காது. பக்கத்துக்காரர் புது வேலிக்கு ஏற்கெனவே கல் இறக்கி வைத்திருந்தார். அந்தக் கல் குவியலைப் படம் எடுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் தனியாக எழுதிச் சேர்த்தோம். கடன் நோக்கத்துக்கு அந்தத் தடம்தான் நிலத்தின் விலையில் முக்கால் பங்கு.

போன வாரம் இன்னொரு வேலை. காரிமங்கலத்துக்காரர்கள், அண்ணன் தம்பி, பாகப்பிரிவினை வழக்கு. 2001இல் அந்த நிலம் என்ன பெறும் என்று வேண்டும். அன்றைய பத்திர விலைகளை நம்ப முடியாது. அலமாரியிலிருந்து என் ஆசான் விட்டுச்சென்ற நீளக் குறிப்பேடுகளை இறக்கினேன். எங்கே எந்த நிலம் கைமாறினாலும் டீக்கடையில் விசாரித்து எழுதிவிடுவார். காலிக்கோ அட்டை, மூலை எல்லாம் கரையான். அலுவலகப் பெண் மெதுவாகப் பிரித்து வாசித்தாள்:

"2001 பங்குனி. ரோட்டுக்குத் தெற்கே 60 சென்ட். சென்ட் 4,200. பத்திரத்தில் 1,900. மகள் கல்யாணத்துக்காக விற்றார், தை முதல் அலைந்தார். ஆடி. அதே பக்கம் 40 சென்ட். சென்ட் 7,000. வாங்கியவர் பக்கத்துக் காட்டுக்காரர். அவருக்கு வழி வேண்டும்."

முதல் விலை அவசரத்துக்கு விற்றது, இரண்டாவது தேவைக்கு வாங்கியது. இரண்டையும் அப்படியே எடுக்காமல் எப்படிச் சரிக்கட்டுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முடித்ததும் தகவல் மூலம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். ஆசான் பெயரையும் பதிவு எண்ணையும் சொன்னேன். "குறிப்பேடு, கையெழுத்துப் பிரதி, 2001, நேரடி விசாரணை" என்று தட்டினாள். பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அறிக்கையோடு சேர்த்துவிட்டு, புதிதாக ஒரு நோட்டு வேண்டும் சார் என்றாள்.